பொறிக்குள் பொறி

தமிழில் 'பொறி' என்னும் சொல் இயந்திரத்தையும் குறிக்கும். நெருப்புத் துளியையும் குறிக்கும். மதுரைக் கோட்டை மதிலில் அமைந்திருந்த போர்ப் பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசையாக எடுத்துரைக்கிறது. ஆயினும், அச்சொல்லின் இரு பொருளும் ஒரே கருவியில் வந்து கூடுவதற்குப் பெட்ரோல் எஞ்சின் பிறக்க வேண்டியிருந்தது. பொறிக்குள் பொறி பறக்க, அதனால் பொறி இயங்கிற்று. அச்சிறு நெருப்பு எந்தக் கணத்தில் எழவேண்டும் என்பதை வரையறுக்கும் வேலையே பட்டறை வழக்கில் 'டைமிங் வைத்தல்' எனப்பட்டது.

மலேசியத் தமிழர் வரலாறு என்றவுடன் கப்பல், கங்காணி, பால்மரம், லயம் என்று எழுதிச் செல்வது மரபாகிவிட்டது. அது பிழையன்று, பெரும்பாலோரின் வாழ்வு அதுவே. எனினும், மரத்தில் சீவிய பாலை ஆலைக்குக் கொண்டு சேர்த்த லோரியையும், அதனை ஓடச்செய்த பட்டறைத் தொழிலாளியையும் அவ்வரலாறு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வட சிலாங்கூரைப் பொறுத்தவரை இது பெருங்குறையே. மின்சாரத்தை இந்நாட்டில் முதன்முதலில் தொழிலுக்குப் பயன்படுத்தியோருள் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் அடங்குவர் என்பதும், அது 1894இல் ரவாங்கில் அவர்களது ஈயச் சுரங்கத்தில் நிகழ்ந்தது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கன. இயந்திரத்துக்கும் தமிழருக்கும் இம்மண்ணில் உள்ள தொடர்பு நேற்று முளைத்ததன்று.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் பகுதியில் இரப்பர்த் தோட்டம் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே, 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டத்துக்குத் தமிழ் மரப்பெயரே நிலைத்தது. அதுவும் செம்பனையின் பெயரன்று, தென்னையின் பெயர். இரப்பராயினும் செம்பனையாயினும் இரண்டுமே காலத்தோடு போட்டியிடும் பயிர்கள். விடியுமுன் சீவிய பால், உரிய நேரத்தில் ஆலையைச் சேராவிடில் வாளியிலேயே உறையத் தொடங்கும். உறைந்தால் தரம் தாழும். செம்பனைக் குலைகளை வெட்டி ஒரு நாளைக்குள் வேகவைக்காவிடில் எண்ணெயில் அமிலம் ஏறும். செம்மண் சாலையில் லோரி நின்றுபோனால், அன்றைய உழைப்பின் விலை குறைந்தது என்பதே பொருள்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஆறு சிலிண்டர் லோரிகள் புகழ்பெற்றுவிட்டன. அமெரிக்காவின் செவர்லே நிறுவனம் 1929இல் ஆறு சிலிண்டர் எஞ்சினை வெளியிட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பெட்ஃபோர்டு லோரி 1931இல் இங்கிலாந்தின் லூட்டன் நகரில் உருவாயிற்று.

நான்கு வீச்சு எஞ்சினில், பிஸ்டன் மேலுச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே தீப்பொறி எழவேண்டும். கலவை முழுவதும் பற்றி எரிய ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு ஆகும். நிமிடத்துக்கு 1000 சுற்றில், ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் தண்டு 6 பாகை திரும்பிவிடும். 2500 சுற்றில் 15 பாகை. ஆகவே வேகம் கூடக்கூடப் பொறியும் முந்த வேண்டும். அதனை டிஸ்ட்ரிபியூட்டரினுள் இருக்கும் சிறு எடைகள் விலகித் தாமே பார்த்துக்கொள்ளும். தொடக்கப் புள்ளியை வைப்பது மட்டும் மனிதனின் பொறுப்பு.

செவர்லே எஞ்சினின் சுழற்சக்கரத்தில், மேலுச்சிக்கு 5 பாகை முன்னதாக, ஓர் எஃகு உருண்டை பதிக்கப்பட்டிருந்தது. முதல் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் மூடி, கைப்பிடியால் எஞ்சினை மெல்லச் சுழற்றுவர். காற்று விரலைத் தள்ளும்போது அழுத்த வீச்சு வந்துவிட்டது எனப் பொருள். உறையின் சாளரத்தில் உருண்டை தெரிந்ததும் நிறுத்திவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தித் திருப்பி, 'பாயிண்ட்' பிரியும் கணத்தைத் தேட வேண்டும். ஒரு சிறு பல்பை இணைத்தால், பாயிண்ட் பிரிந்ததும் அது ஒளிரும். பல்பு இல்லாதவிடத்து மெல்லிய சிகரெட்டுத் தாளை இடையே வைத்து இழுப்பதும் உண்டு. தாள் நழுவும் நொடியே பொறி எழும் நொடி. பின்னர் 1, 5, 3, 6, 2, 4 என்ற வரிசையில் கம்பிகளைப் பூட்டுவர். இவ்வரிசையில் இரண்டு இடம் மாறினாலும் எஞ்சின் இருமும், வெடிக்கும், ஓடாது.

பாயிண்ட்டின் இடைவெளியை முதலில் சரிசெய்யாமல் டைமிங் வைப்பவன் இருமுறை வேலை செய்ய நேரும். இடைவெளி அகன்றால் பொறி முந்தும். உரசும் கட்டை தேய்ந்து இடைவெளி குறுகினால் பொறி பிந்தும். பிந்திய பொறியால் எஞ்சின் சூடேறும், இழுவை குறையும், பெட்ரோல் வீணாகும். முந்திய பொறியின் கேடு இன்னும் பெரிது: பிஸ்டன் மேலேறுமுன்னரே நெருப்பு அதனை எதிர்க்க, கல்லில் சுத்தியல் பட்டாற்போன்ற தட்டொலி எழும். எனவே இறுதித் தீர்ப்பு பல்பிடம் இல்லை, சாலையிடமே இருந்தது. மேல் கியரில், ஏற்றத்தில் முடுக்கும்போது மெல்லிய தட்டொலி எழுந்து உடனே அடங்கினால் டைமிங் சரி. இதனைக் காது அறியவேண்டும். எந்தக் கையேடும் கற்பித்துவிட முடியாது.

தவறு உலோகத்தோடு நிற்கவில்லை. மின்கலம் தளர்ந்த நாளில் முன்புறம் நின்று கைப்பிடி சுழற்றிய லோரி உதவியாளின் கையையும் அது தேடிவந்தது. பொறி மிக முந்தியிருந்தால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். கைப்பிடி மணிக்கட்டை முறிக்கும். அவ்வெலும்பு முறிவுக்கு மருத்துவ நூல்களில் 'கார் ஓட்டியின் முறிவு' என்றே பெயருண்டு. காடில்லாக் நிறுவனம் 1912ஆம் ஆண்டு மாதிரியில் மின்தொடக்கியைப் பொருத்திவிட்டது. ஆயினும் லோரிகளின் முகப்பிலிருந்து கைப்பிடித் துளை நீங்க நெடுங்காலம் சென்றது.

1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியர் கோலசிலாங்கூரில் கரையேற முயன்றபோது பிரிட்டிஷ் பீரங்கிகள் அவர்களைத் திருப்பின. ஆனால் ஜனவரி 11இல் கோலாலம்பூரே வீழ்ந்தது. பிரிட்டிஷார் விட்டோடிய லோரிகளையும் உணவையும் ஜப்பானியப் படையினர் 'சர்ச்சில் தந்த பண்டங்கள்' என ஏளனம் செய்தனர். பெட்ரோல் அரிதாகவே, கரியைப் புகையவிட்டு எழும் வாயுவால் வண்டிகள் ஓட்டப்பட்டன. கரிவாயு பெட்ரோலைவிட மெதுவாக எரிவது. ஆதலின் பொறியைப் பெரிதும் முன்தள்ளினாலன்றி எஞ்சின் இழுக்காது. அப்படித் தள்ளியும் வலிமையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குன்றும். கையேட்டில் அச்சிட்ட 5 பாகை அக்காலத்தில் பொருளற்றுப்போயிற்று. எரிபொருள் மாறினால் எண்ணும் மாறும் என்பதைப் பட்டறைகள் வறுமையால் கற்றன.

அவ்வாண்டுகளில் லோரியின் ஓசை தோட்டத்தாருக்கு அச்சத்தின் ஓசையாகவும் மாறிற்று. சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்கு ஆட்களைத் திரட்டி ஏற்றிச்சென்றவை லோரிகளே. மலாயாவிலிருந்து 70,000 பேருக்கு மேல் கொண்டுசெல்லப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்; திரும்பாதோர் பல்லாயிரவர். மூன்றாண்டுக்குமுன் பால் சுமந்த தட்டில் பால் எடுத்தவர்களே ஏற்றப்பட்டனர் என்பதை எண்ணும்போது, இயந்திரத்துக்கு நன்றியுமில்லை, பகையுமில்லை என்பது விளங்கும்.

போருக்குப் பின் டீசல் லோரிகள் மெல்ல இடம்பிடித்தன. டீசலுக்குப் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. அழுத்தத்தின் சூட்டிலேயே அது எரியும். 1970களில் பெட்ரோல் கார்களிலும் மின்னணுப் பொறியமைப்பு வந்து பாயிண்ட்டை வெளியேற்றிற்று. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. இன்று பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பாதுகாத்து ஓட்டுவோர் வேறொரு கணக்கைப் போடவேண்டியுள்ளது. 1937இல் வந்த 216 கன அங்குலச் செவர்லே எஞ்சினின் அழுத்த விகிதம் ஏறத்தாழ ஆறேகாலுக்கு ஒன்று. அது அந்நாளைய தாழ்ந்த பெட்ரோலுக்காக வகுத்தது. மலேசியாவில் 2009இல் ரோன் 92இன் இடத்துக்கு ரோன் 95 வந்துவிட்டது. இந்தப் பெட்ரோலில் எஃகு உருண்டையைச் சில பாகை தாண்டிப் பொறியை முன்தள்ளினாலும் அவ்வெஞ்சின் எளிதில் தட்டொலி எழுப்பாது. காதால் டைமிங் வைக்க முனைவோர், ஒலி எழும்வரை தள்ளிப் பார்க்காமல், இழுவை கூடுவது நிற்கும் இடத்திலேயே திருகாணியை இறுக்கிவிட வேண்டும்.