மணலில் எழுதிய போதகர்

தரங்கம்பாடி என்றதும் என் மனக்கண்ணில் ஒரு காட்சி எழும். திண்ணைப் பள்ளியில், சிறுவர்களோடு சிறுவராக, ஜெர்மானிய இளைஞர் ஒருவர் மணலில் தமிழெழுத்தைப் பழகுகின்றார். அவரே சீகன்பால்கு. கிறிஸ்தவ சமயத்தைப் போதிக்குமாறு டென்மார்க்கு மன்னர் அனுப்ப, 1706 ஜூலையில் வந்திறங்கியவர், முதலில் மாணாக்கரானார்.

தமிழரை நாகரிகமற்றோர் என எண்ணி வந்தவர், தமிழ் நூல்களைக் கற்றதும் அவ்வெண்ணம் பிழையென உணர்ந்தார். 1708இல் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார்.

இதனால் அவர்தம் நம்பிக்கை தளர்ந்ததோ? இல்லை. தமிழர் வழிபாட்டை அவர் கண்டித்ததும் உண்டு. அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியிலேயே அச்சேறி முடிந்தது. ஆனால், தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூலுக்கு ஐரோப்பாவில் அச்சு வாய்க்கவில்லை. 1719இல் அவர் மறைந்தார். அந்நூல் 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது.

தம் சமயத்தைப் பிறர்க்கு உரைக்க விழைந்தவர், பிறர் சமயத்தைப் பொறுமையுடன் கேட்டெழுதினார். அவர் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆயினும், பேசுமுன் கேட்ட அப்பண்பை நாம் அனைவரும் ஏற்கலாமன்றோ?