செங்கல் வீட்டின் பெயரில் ஓர் எழுத்து

சண்டிகரில் அரசுக் குவார்ட்டர்ஸில் சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய நம்மவர், "லெ கார்பூசியே கட்டிய வீட்டில் இருந்தோம்" என்று பெருமையோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பெருமை நியாயமானதே. ஆனால் செய்தி பிழையானது. அவ்வீடுகளை வரைந்தவர் அவரல்லர்.

1947இல் நாடு பிரிந்தபோது லாகூர் எல்லைக்கு அப்பால் போயிற்று. கிழக்குப் பஞ்சாப் தலைநகரின்றி நின்றது. புதிய நகருக்கு முதலில் திட்டம் வகுத்தவர் ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கர். அவருடன் உழைத்த மாத்யூ நோவிட்ஸ்கி 1950இல் விமான விபத்தில் மாண்டார். அதன்பின் அதிகாரி பி. என். தாப்பரும் தலைமைப் பொறியாளர் பி. எல். வர்மாவும் ஐரோப்பாவுக்குச் சென்று நால்வரை அமர்த்தினர். லண்டனைச் சேர்ந்த மாக்ஸ்வெல் ஃபிரை, அவர் மனைவி ஜேன் ட்ரூ. பாரிஸிலிருந்து கார்பூசியே, அவர் உறவினர் பியேர் ஜானரே. நகரத் திட்டமும் உயர்நீதிமன்றம், செயலகம், சட்டமன்றம் ஆகிய பெருங்கட்டடங்களும் கார்பூசியேயின் பங்கு. குடும்பங்கள் வாழ வேண்டிய வீடுகளோ மற்ற மூவர் தோளில் விழுந்தன.

எந்த வீடு எவருடையது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. பதவிக்கேற்ப வீடுகளைத் தரம் பிரித்து எண்ணிட்டார்கள். முதலமைச்சருக்கு 1, கடைநிலை ஊழியருக்கு 13. எண்ணுக்குப் பின் வரைந்தவர் பெயரின் முதலெழுத்து வரும். எஃப் என்றால் ஃபிரை. டி என்றால் ட்ரூ. ஜே என்றால் ஜானரே. 4-ஜே என்ற வகைப் பெயரே ஒரு கையொப்பம்!

கையிருப்போ சிறிது. சிமெண்டும் இரும்பும் அரிய பொருள்கள். செங்கல் அருகிலேயே கிடைத்தது. ஆகவே செங்கல்லைக் கொண்டே வெயிலை எதிர்த்தனர். சன்னலை உள்ளே தள்ளி வைத்தனர். சுவரில் துளைகள் விட்டுச் செங்கல் ஜாலி அமைத்தனர். ஜானரே ஆற்றுக் கற்களையும் சுவருக்குப் பயன்படுத்தினார். என்னைப் பெரிதும் கவர்வது 13ஆம் தரமே. கடைநிலை ஊழியர் வீட்டுக்கும் இரண்டு அறை, சமையலறை, குளியலறை, கழிப்பறை, முற்றம், குழாய் நீர், மின்விளக்கு என்று அன்று வகுத்தது சிறு செய்தியன்று.

ஆயினும் அந்த ஒற்றை எழுத்தை முழுதும் நம்பிவிடலாகாது. எம். என். சர்மா, யூலி சௌத்ரி, ஆதித்ய பிரகாஷ், ஜீத் மல்ஹோத்ரா முதலிய இளம் இந்தியக் கட்டடக் கலைஞர்கள் அதே அலுவலகத்தில் வரைபலகை முன் உழைத்தவர்கள். அவர்கள் கைபட்ட எத்தனை கோடுகள் ஜே என்ற எழுத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றனவோ! செங்கல் அடுக்கிய கொத்தனாருக்கும், தலையில் சும்மாடு வைத்துக் கலவை சுமந்த பெண்களுக்கும் அந்த எழுத்துகூட இல்லை.

மேசை நாற்காலிகளின் கதையும் இதுவே. அவற்றின் வடிவமைப்பில் யூலி சௌத்ரிக்கும் பங்குண்டு. பழசென்று அலுவலகங்கள் கழித்துவிட்ட தேக்கு, பிரம்பு நாற்காலிகள் அயல்நாட்டு ஏலங்களில் ஜானரே பெயரால் பெருவிலைக்குப் போயின. 2011இல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கலாகாது என்று ஆணையிட்டது. காலங்கடந்த விழிப்பு.

ஃபிரையும் ட்ரூவும் 1954இல் ஒப்பந்தம் முடிந்து சென்றனர். ஜானரே தங்கிவிட்டார். தாமே வரைந்த 4-ஜே வகை வீடொன்றில், 5ஆம் செக்டார் 57ஆம் எண்ணில், 1965 வரை குடியிருந்தார். நோய் அவரை ஜெனீவாவுக்கு அனுப்பிற்று. 1967இல் அங்கே காலமானார். அவர் விருப்பப்படி 1970இல் அவரது அஸ்தியைச் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தனர். அவர் வாழ்ந்த வீடு 2017இல் அருங்காட்சியகமாயிற்று.