நெஞ்சத்துப் பெண்

கப்பலுக்குப் பெயர் சூட்டும் வேளையில் வணிகரும் கவிஞராகிவிடுவதுண்டு. மான் தீவின் கப்பல் நிறுவனம் 1908ஆம் ஆண்டு நீரில் இறக்கிய பயணக் கப்பலுக்குப் ‘பென்-மை-கிரீ’ என்று பெயர். அத்தீவின் மாங்ஸ் மொழியில் ‘என் நெஞ்சத்துப் பெண்’ என்பது பொருள். அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோருள் கடைசியானவர் 1974இல் மறைந்தார். கற்று மீட்க முயல்வோர் இன்று உளர்.

கோடைப் பயணிகளை ஏற்றிச் சென்ற அவ்விரைவுக் கப்பலை 1915இன் தொடக்கத்தில் பிரித்தானியக் கடற்படை எடுத்துக்கொண்டது. பின்தளத்தில் விமானக் கொட்டகை எழுந்தது. அக்கால முறை விந்தையானது. பாரந்தூக்கி விமானத்தைக் கடலில் இறக்கும். அது மிதவைகளின் மேல் ஓடி வானேறும். திரும்பி வந்து கடலில் அமர்ந்ததும் மீண்டும் தூக்கி ஏற்றுவர். அலை சற்று மிகுந்தால் அத்தனையும் நின்றுவிடும்.

கலிப்பொலிப் போரில் இக்கப்பல் பங்குகொண்டது. 1915 ஆகஸ்ட் 12 அன்று எட்மண்ட்ஸ் என்னும் விமானி, டார்பிடோவின் பளுவைக் கருதித் துணைக்கு ஆளின்றித் தனியே பறந்து, மர்மராக் கடலில் துருக்கியக் கப்பலொன்றைத் தாழப் பறந்து தாக்கினார். வானிலிருந்து ஏவிய டார்பிடோ ஒரு கப்பலைத் தாக்கியது அதுவே முதல்முறை. ஆயினும் ஒரு நீர்மூழ்கி முன்னரே அடித்துக் கரையொதுங்க வைத்த கப்பல் அது. ஐந்து நாள் கழித்து எட்மண்ட்ஸ் வேறொரு கப்பலைத் தாக்கினார். அன்றே டேக்கர் என்னும் விமானியின் எந்திரம் பழுதுற்றுக் கடலில் இறங்க நேர்ந்தது. மிதந்தபடியே இழுவைப் படகொன்றின் மீது டார்பிடோவை ஏவிய அவர், பளு நீங்கியதும் எழுந்து பறந்து மீண்டார்.

வரலாற்று நூல்கள் இக்கப்பலை நினைவுகூர்வது இந்த ‘முதல்’ என்னும் சொல்லுக்காகவே. என் மனம் செப்டம்பர் 2ஆம் நாளிலேயே நிற்கிறது. ஆஸ்திரேலிய வீரர்களை ஏற்றிச் சென்ற ‘சவுத்லண்ட்’ கப்பலை ஏஜியன் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கி அடித்தது. விரைந்து சென்ற பென்-மை-கிரீ 694 வீரர்களையும் 121 மாலுமிகளையும் ஏற்றிக்கொண்டது. பயணக் கப்பலாகப் பிறந்தது, அன்று ஒருநாள் தன் பழைய தொழிலுக்குத் திரும்பியது எனலாம்.

1917 ஜனவரி 11 அன்று, பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கஸ்டெலோரிசோ தீவின் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்தபோது, எதிர்க்கரையில் மறைந்திருந்த துருக்கியப் பீரங்கிகள் முழங்கின. விமானக் கொட்டகையில் பெட்ரோல் பற்றியது. தளபதி சாம்சனும் மாலுமிகளும் கப்பலைக் கைவிட்டனர். சிலர் காயமுற்றனர், உயிரிழப்பில்லை. குண்டுமழை ஓய்ந்தபின் திரும்பிச் சென்றவர்கள் கப்பலின் நாயையும் பூனையையும் உயிருடன் மீட்டு வந்தனர்.

1920இல் கப்பலின் உடல் மீட்கப்பட்டு, 1923இல் வெனிசில் உடைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில் அதே நிறுவனம் புதிய பயணக் கப்பலொன்றைக் கட்டி, அதற்கும் ‘பென்-மை-கிரீ’ என்றே பெயரிட்டது.