மொட்டை மாடி வெயில் யார் கணக்கில்?

பங்குனி பிறக்கும் முன் வாடகை வீட்டை வெயிலுக்குத் தயார் செய்வது வீட்டுக்காரர் பொறுப்பா, குடியிருப்பவர் பொறுப்பா? மாசி மாதம் வந்தால் நம் குடியிருப்பில் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. சட்டத்தைப் புரட்டினால் இதற்குப் பாதி பதில்தான் கிடைக்கும். மீதிப் பதில் நம் ஊர்க் கூரைகளின் வரலாற்றில் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

சேந்தமங்கலத்தைச் சுற்றிய காட்டுச் சாளைகளில் பனையோலையும் கரும்புச் சோகையும்தான் கூரை. அறுவடை முடிந்து, மழையில்லாத நாட்களில் பழையதைப் பிரித்துப் புதிதாக மேய்வார்கள். வசதி உள்ளவர்கள் நாட்டு ஓடு போட்டார்கள். அது காற்றில் நழுவும், பூனை நடந்தால் விலகும். வருடம் தப்பினாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது ஏறி ஓடு மாற்ற வேண்டும். தொட்டிக்கட்டு வீடு என்றால் நடுவில் உள்ள தொட்டி வழியாகச் சூடு மேலே போய்விடும். தைப் பொங்கலுக்குச் சுவரெல்லாம் சுண்ணாம்பு. பண்டிகைக்காக அடித்தது என்றாலும், அந்த வெள்ளை அடுத்த நான்கு மாத வெயிலைத் திருப்பி அனுப்பியது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கூரை மேய்ந்தவரும் அதன் கீழே படுத்தவரும் ஒரே ஆள். வணிகவியல் படித்தவன் பாஷையில் சொன்னால், செலவும் பலனும் ஒரே பேரேட்டில் இருந்தன. வாடகை வீடு என்று வந்ததும் அவை இரண்டு பேரேடுகளாகப் பிரிந்தன. இன்றைய தகராறு முழுவதும் அந்தப் பிரிவினையில் வந்ததுதான்.

1865 இல் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் அந்த ஓட்டைத்தான் நாம் சீமை ஓடு என்கிறோம். அதை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் நிம்மதியாக இருப்பது இந்த ஓட்டால் எளிதாகியிருக்கும் என்பது என் ஊகம்.

மாடி வீடுகளுக்கு மெட்ராஸ் டெரஸ் என்ற முறை இருந்தது. பழைய வீடு உள்ளவர்கள் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். தேக்குக் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் செங்கல்லைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக, கோணலாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிடித்திருப்பார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கித் தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை துள்ளித் திரும்பும் அளவுக்குத் தளம் இறுகினால்தான் மேலே தட்டு ஓடு பதிப்பது. மழையை நிறுத்தவும் வெயிலைத் தடுக்கவும் அந்த ஒரே அடுக்கு போதுமாக இருந்தது. முட்டையின் வெள்ளைக்கருவைக் காரையில் சேர்த்து மெருகேற்றியது செட்டிநாட்டு வழக்கம். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்தில் இருக்கும் நமக்கு இன்று அதைச் சொன்னால் சிரிப்பு வரும்.

பணமும் பதவியும் உள்ளவர்கள் வீட்டைத் தயார் செய்யாமல் மலையேறினார்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர்களின் கோடை வாசமும் அங்கே வளர்ந்தது. நம் வாசலில் நிற்கும் கொல்லிமலை அப்படி ஆகவில்லை. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து யாரும் தங்கவில்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் இன்றைய சுற்றுலாப் பயணிகள் இதை அறிய மாட்டார்கள்.

பிறகு சிமெண்ட் வந்தது. சங்ககிரியில் 1963 இல் சிமெண்ட் ஆலை தொடங்கியது. சிமெண்ட் மீதான அரசுக் கட்டுப்பாடு 1982 இல் ஓரளவும் 1989 இல் முழுமையாகவும் விலகியது. அதன்பின் எங்கும் கான்கிரீட் தளம்தான். தளத்தின் மேல் மூன்று அங்குலம் சுருக்கி போட்டுத் தட்டு ஓடு பதிப்பது அப்போதும் நல்ல மேஸ்திரிகளின் வழக்கம். வாடகைக்கு விடக் கட்டிய வீடுகளில் முதலில் வெட்டுப்பட்ட செலவு அதுதான். வெறும் சிமெண்ட் பூச்சோடு விட்டால், தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் கீழே இறக்கும். மேல் மாடியில் மின்விசிறி வெந்நீர்க் காற்றை வீசுவது இதனால்தான். வீட்டுக்காரர் அங்கே ஒரு இரவும் படுப்பதில்லை.

சட்டம் என்ன செய்தது? 1882 ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 108 ஆம் பிரிவே, உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை அறிவிப்புக் கொடுத்தும் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து வாடகையில் வட்டியோடு கழித்துக்கொள்ளலாம் என்கிறது. இரண்டாம் உலகப் போரில் வீட்டுத் தட்டுப்பாடு வந்தபோது மதராஸ் மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. பின்னர் 1946, 1949, 1960 என்று சட்டங்கள் தொடர்ந்தன. இவற்றின் முக்கியக் கவலை வாடகைத் தொகையும் வெளியேற்றமும். வாடகையை உயர்த்த முடியாத உரிமையாளர் சுண்ணாம்பு அடிப்பதையும் நிறுத்தினார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. வீடுதான் பாழாயிற்று.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணை வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் வண்ணம், குழாய் மாற்றுவது, மின்கம்பி வேலை எல்லாம் உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்சு, ஜன்னல் கண்ணாடி, கொசு வலை எல்லாம் குடியிருப்பவருக்கு. வெப்பம் என்ற சொல் அதில் இல்லை. ஆனாலும் தளத்தின் மேற்பூச்சு கட்டடத்தோடு சேர்ந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

உரிமையாளர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1922 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலேயே, பழுதுபார்ப்பு என்ற பெயரில் வீட்டு வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு கழிவு இருந்தது. 1961 சட்டத்தின் 24 ஆம் பிரிவில் அது வளர்ந்து 30 சதவீதமானது. செலவுக்கு ரசீது கேட்பதில்லை. மாதம் 8,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 96,000. வீட்டு வரி போக மிச்சத்தில் ஏறத்தாழ 28,000 ரூபாய்க்கு வரி கிடையாது. தளத்துக்கு ஒரு பைசா செலவிடாதவருக்கும் அதே சலுகை. இந்தச் சலுகையை ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டு, மேல் மாடிக்கு வெள்ளை அடிக்கக் காசில்லை என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

நம் வட்டாரக் கோழிப் பண்ணைகளைப் பாருங்கள். மாசியிலேயே கூரைமேல் வெள்ளை அடிப்பார்கள், ஓலை பரப்புவார்கள், தண்ணீர் தெளிப்பான் வைப்பார்கள். கோழி வெயிலில் செத்தால் நஷ்டம் அன்றைக்கே பண்ணைக்காரர் கணக்கில் ஏறுகிறது. குடியிருப்பவர் தூங்காமல் புரண்ட இரவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

வெளியூர்களில் இதை அரசே கையில் எடுத்திருக்கிறது. 2010 வெயிலில் பலரை இழந்த அகமதாபாத் 2013 இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. பின்னர் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதும் அதில் சேர்ந்தது. தெலங்கானா 2023 இல் குளிர்கூரைக் கொள்கையே வெளியிட்டது.

நம்மைப் போன்ற அடுக்குமாடியில் இன்னொரு சிக்கல் உண்டு. மொட்டை மாடி மேல் வீட்டுக்காரரின் தனிச் சொத்து அல்ல. 1994 ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்திலேயே கூரை பொதுப் பகுதி என்றானது. ஆகவே "வெயில் மேல் வீட்டுக்குத்தானே" என்று கீழ்த்தள உரிமையாளர்கள் ஒதுங்க முடியாது. விரிசலில் இறங்கும் கோடை மழை கம்பியைத் துருப்பிடிக்க வைத்தால் பாதிப்பு எல்லா வீட்டுக்கும்தான்.

வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி. முதலில் தளத்தைக் கழுவி, விரிசலை அடைத்து, நீர் ஓடும் சரிவைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பூச்சு அதற்குப் பிறகுதான். தூசியின் மேல் அடித்தால் ஒரே மழையில் உரியும். தண்ணீர்த் தொட்டிக்கும் வெயில் படும் குழாய்க்கும் நிழல் வேண்டும். குடியிருப்பவர் ஏசி மாட்டுவதாக இருந்தால், கம்பியின் கனத்தையும் எர்த்தையும் உரிமையாளர் முன்கூட்டியே எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடட்டும். குடியிருப்பவர்கள் கேட்பதை வாயால் கேட்காமல் எழுத்தில், தேதியோடு கொடுங்கள். 108 ஆம் பிரிவு தரும் உரிமை அந்த அறிவிப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்த பொதுக்குழுவில் தளப் பூச்சுச் செலவை எல்லா உரிமையாளர்களும் பகிர்வது பற்றிய தீர்மானம் வர வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களுக்கு இந்த இதழை அவரவர் வீட்டில் குடியிருப்பவர்களே அனுப்பி வையுங்கள்.