ஒரு துளை, இரண்டு மின்முனைகள்

உப்புக் கரைசல் நிரம்பிய இரண்டு அறைகள். நடுவே ஒரு சுவர். அதில் ஒரே ஒரு சிறு துளை. ஒவ்வொரு புறமும் ஒரு மின்முனை. மின்னழுத்தம் கொடுத்தால் துளை வழியே அயனிகள் ஓடும். ஏதாவது ஒன்று துளைக்குள் நுழைந்தால் ஓட்டம் குறையும். ரத்த அணுக்களை எண்ணவும், டி.என்.ஏ.வைப் படிக்கவும், உயிருள்ள செல்லின் மேற்பரப்பைப் படம்பிடிக்கவும் இந்த ஏற்பாடே போதுமானதாக இருந்தது.

நானோ அளவைகளின் கதையை 1981-இல், ஐ.பி.எம். சூரிச் ஆய்வகத்தில் பின்னிக்கும் ரோரரும் உருவாக்கிய சுரங்க நுண்ணோக்கியிலிருந்து தொடங்குவது வழக்கம். 1986-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. பெருமையைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் உப்பு நீருக்குள் வேலை செய்யும் கருவிகளின் வேர் இன்னும் முப்பது ஆண்டு பின்னால், சிகாகோவில் இருக்கிறது.

அங்கே 1949-இல் வாலஸ் கோல்ட்டர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சிகரெட் பெட்டியைச் சுற்றியிருந்த செல்லோபேன் தாளில் சூடான ஊசியால் துளை போட்டு முதல் சோதனையைச் செய்தார் என்று சொல்வார்கள். துளையைக் கடக்கும் ஒவ்வொரு சிவப்பணுவும் மின்னோட்டத்தில் ஒரு துடிப்பை உண்டாக்கியது. துடிப்பின் உயரம் அணுவின் பருமனைச் சொன்னது. நுண்ணோக்கியில் கண் வலிக்க அணுக்களை எண்ணிக்கொண்டிருந்த வேலையை இது மாற்றிவிட்டது. 1953-இல் காப்புரிமை கிடைத்தது. இன்று ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சி.பி.சி. எனப்படும் முழு ரத்த அணு எண்ணிக்கை எடுக்கும் பல இயந்திரங்களுக்குள் இருப்பது அந்தத் தத்துவமே.

அதே 1949-இல், அதே ஊரின் பல்கலைக்கழகத்தில், கில்பர்ட் லிங்கும் ரால்ப் ஜெரார்டும் தவளையின் தசைநாருக்குள் செருகும் அளவுக்கு மெல்லிய கண்ணாடி நுண்மின்முனைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். இந்தக் கண்ணாடி வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள குழலின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு நடுவில் சூடேற்றுவார்கள். இப்போது அதற்கு லேசர்கூட உண்டு. கண்ணாடி இளகியதும் இரு பக்கமும் இழுக்க, சில நொடிகளில் குழல் அறுந்து, கூரான முனையுள்ள இரண்டு பிப்பெட்டுகள் கைக்கு வரும். முனையின் வாய் 100 நானோமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். சாதாரண நுண்ணோக்கிக்கு அது தெரியாது. பொட்டாசியம் குளோரைடு கரைசல் நிரப்பி, உள்ளே வெள்ளிக் கம்பியை இறக்கி, எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று பார்த்துத்தான் துளையின் அளவைக் கணிப்பார்கள். எங்காவது லேசாக உரசினாலும் முனை போய்விடும். இந்தக் கைப்பக்குவத்துக்கு வரலாற்று நூல்கள் உரிய இடம் தரவில்லை.

ஜெர்மனியின் கோட்டிங்கனில் எர்வின் நேஹரும் பெர்ட் சக்மானும் அந்தப் பிப்பெட்டைச் செல்லுக்குள் குத்தாமல் அதன் சவ்வின்மேல் வைத்தார்கள். 1976-இல் ஒரே ஒரு அயனிவழி திறந்து மூடுவதை மின்னோட்டப் படிகளாகப் பதிவுசெய்தார்கள். 1991-இல் நோபல்.

அடுத்த திருப்பம் 1989. அவ்வாண்டு சாண்டா பார்பராவில் பால் ஹான்ஸ்மா குழுவினர் பிப்பெட்டையே நுண்ணோக்கியின் ஊசியாக்கினார்கள். முனை பரப்பை நெருங்க நெருங்க அயனிகள் போக இடம் குறுகி ஓட்டம் தளரும். அதைக் கவனித்தபடி முனையை நகர்த்தினால், தொடாமலேயே மேடுபள்ளம் படமாகும். டெக்சாஸில் ஆலன் பார்ட், நுண்மின்முனையை நகர்த்திப் பரப்பின் வேதிவினையை வரையும் முறையின் அடிப்படைகளை அதே ஆண்டு வெளியிட்டார். ஜூன் மாதம், ஒரெகானில் கார் ஓட்டிச் சென்ற டேவிட் டீமருக்கு ஒரு யோசனை தோன்றியது: டி.என்.ஏ. இழையைச் சவ்விலுள்ள துளை வழியே இழுத்தால், அதன் ஒவ்வொரு வேதி எழுத்தும் மின்னோட்டத்தை வெவ்வேறு அளவில் தடுக்காதா? அதைக் குறிப்பேட்டில் படமாக வரைந்துவைத்தார்.

ஹான்ஸ்மாவின் கருவியை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் யூரி கோர்ச்சேவ் 1997-இல் உயிருள்ள செல்களுக்குக் கொண்டுவந்தார். பின்னர் முனை ஒவ்வொரு புள்ளியிலும் மேலிருந்து இறங்கி, ஓட்டம் சற்றே குறைந்ததும் ஏறி, அடுத்த இடத்துக்குத் தாவும் முறை வந்தது. கிளைகள் பின்னிக்கிடக்கும் நரம்பு செல்களையும் அதனால் படமெடுக்க முடிந்தது.

டீமரின் படத்துக்கு உருவம் வர ஏழு ஆண்டுகள் பிடித்தன. 1996-இல் கேசியனோவிச், பிராண்டின், பிரான்டன், டீமர் ஆகியோர் ஸ்டாஃபிலோகாக்கஸ் நுண்ணுயிரியின் ஆல்பா ஹீமோலைசின் புரதத் துளை வழியே ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. இழைகளைச் செலுத்தினார்கள். அதன் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ 1.4 நானோமீட்டர். இழை போனது, ஆனால் ஓர் எழுத்து கடக்க மைக்ரோநொடிகளே ஆனதால் எதையும் படிக்க முடியவில்லை. இழையைப் பிடித்து எழுத்தெழுத்தாக நகர்த்தும் நொதிகளைத் துளையின் வாயில் நிறுத்திய பிறகே, 2012 வாக்கில் வழி பிறந்தது. 2005-இல் தொடங்கிய ஆக்ஸ்போர்டு நானோபோர் நிறுவனம், உள்ளங்கையில் அடங்கும் ‘மினயான்’ (MinION) என்ற டி.என்.ஏ. படிக்கும் கருவியை 2014-இல் ஆய்வாளர்களிடம் கொடுத்தது. மறு ஆண்டே விமானப் பயணிகளின் பெட்டிகளில் அது கினி நாட்டுக்குப் போய், 142 எபோலா மாதிரிகளைப் படித்தது. மாதிரி கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் முடிவு கிடைத்தது.

1989-இன் நுண்ணோக்கிகள் இரண்டும்கூட வெகுகாலம் தனித்தனியாக இருக்கவில்லை. 2010-ஐ ஒட்டி ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகமும் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து இரட்டைக் குழல் பிப்பெட்டை உருவாக்கின. ஒரு குழலில் கரைசல். அது ஹான்ஸ்மாவின் வழியில் உயரத்தை அளக்கும். மற்றதில் கார்பன், அது பார்டின் வழியில் செல் வெளிவிடும் பொருளை உணரும். ஒரே முனை ஒருமுறை கடக்கும்போது வடிவமும் வேதியியலும் இரண்டு படங்களாகப் பதிகின்றன.