சீட்டுக்குச் சட்டம் வந்த காலம்



பத்துப் பேர், மாதம் ஐயாயிரம், குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கு ஐம்பதாயிரம். இந்தச் சீட்டைப் பெண்களின் சமாச்சாரம் என்று நம்மில் பலர் கணக்கெடுப்பதில்லை. ஆனால் சீட்டை ஒழுங்குபடுத்தவென்றே இந்நாட்டில் 1935இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது.

ஏன் அந்த நேரத்தில்? 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. உலகம் முழுக்க வியாபாரம் படுத்தது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றையும் நம்பியிருந்த இலங்கையில் அம்மூன்றின் விலையும் விழுந்தது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. போதாததற்கு 1934–35 மலேரியாவில் சுமார் 80,000 பேர் மௌத்தானார்கள்.

கடன் ஒரு சங்கிலியாக இருந்த காலம் அது. ஊர்க் கடைக்காரருக்குச் செட்டியார் கொடுப்பார், செட்டியாருக்குக் கொழும்புக் கோட்டையிலிருந்த வெள்ளைக்கார வங்கி கொடுக்கும். உள்ளூர் வியாபாரி அந்த வங்கியில் நேரே போய்க் கடன் எடுப்பது பெரும் பாடு. வங்கி இறுக்கினால் செட்டியார் இறுக்குவார், ஈடு வைத்த காணி கைமாறும். செட்டியாரை மட்டும் திட்டுவது நியாயமில்லை, அவர் கழுத்திலும் கயிறு இருந்தது. இதை விசாரிக்க 1934இல் சேர் சொராப்ஜி போச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு இருந்தது. இலங்கை வங்கி திறந்ததோ 1939 ஓகஸ்ட் 1ஆம் திகதி. சரிவு தொடங்கிப் பத்து வருடம்!

அதுவரை வங்கி வாசலை மிதிக்காதவர்களுக்கு என்ன இருந்தது? சில ஊர்களில் கூட்டுறவுக் கடன் சங்கம் இருந்தது. மற்றபடி கைமாற்று, அடகு, சீட்டு. அரசாங்கம் சட்டம் போடுமளவுக்குச் சீட்டில் காசு புரண்டிருக்கிறது என்றுதான் அந்த 1935ஐ நாம் வாசிக்கிறோம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். நாள்கூலிக்காரர், கணவனை இழந்தவர் போன்றோரைச் சீட்டில் சேர்த்தாலும் கடைசியில் போடுவது நம்மிடையே உள்ள பழக்கம். முதலில் எடுத்துவிட்டுக் கட்டாமல் போய்விடுவார்களோ என்ற பயம். 1930களில் பொருள் விலை இறங்கியதால், கடைசியில் காசு எடுத்தவருக்கு அதே தொகைக்குக் கூடுதலாகவே சாமான் கிடைத்திருக்கும். 2022இல் நடந்தது நேரெதிர். அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டிப்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. ஜனவரியில் ஐம்பதாயிரம் எடுத்தவர் வாங்கிய சாமானை ஒக்டோபரில் எடுத்தவரால் அதே காசுக்கு வாங்க முடியவில்லை. விலையேற்றத்தின் நட்டம் அதிகமாக, நாம் நம்பாமல் கடைசியில் போட்ட ஏழையின் தலையில் விழுந்தது. வட்டியில்லாச் சீட்டுத்தான், ஆனாலும் ஒருவரின் இழப்பு இன்னொருவருக்கு இலாபமாகிப்போனது.

மாதக் கட்டணத்தை அரிசி விலையோடு ஏற்றி இறக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முதலில் எடுத்தவர் தான் வாங்கியதைவிடக் கூடுதலாகக் கட்ட நேரும். அது ரிபாவில் சேருமா என்று உலமாக்களிடம் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம். சுற்றைச் சுருக்குவதில் அந்தச் சிக்கல் இல்லை. பத்து மாதச் சீட்டைப் பத்து வாரச் சீட்டாக்கினால் விலை ஏறுவதற்குள் எல்லோர் கைக்கும் காசு வந்துவிடும். தொகை சிறிதாகும், அவ்வளவுதான். நோன்புக்கு முன் புதுச் சீட்டுப் பிடிக்க இருப்பவர்கள், குலுக்குவதற்கு முன்பே யாருக்கு அவசரத் தேவை என்று கேட்டு, அவர் பெயரைக் கொப்பியில் முதலில் எழுதுங்கள்.