முதலும் வழியும்: சூப்பர்மேன் பாத்திரத்தின் ஊடகப் பயணம் (1938–1978)

ஆய்வுச் சுருக்கம்

1938இல் அமெரிக்கப் படக்கதை இதழொன்றில் தோன்றிய சூப்பர்மேன் என்னும் பாத்திரம் வானொலி, அசைவூட்டப் படம், திரைத்தொடர், தொலைக்காட்சி, திரைப்படம் எனப் பல ஊடகங்களில் இடம்பெற்றது. இவ்வூடகங்கள் படக்கதையைப் பெயர்த்துத் தந்ததோடு நில்லாமல், பாத்திரத்தின் அடிப்படைக் கூறுகள் பலவற்றைத் தாமே உருவாக்கின என்பதையும், அதனால் ‘படைத்தவர் யார்’ என்னும் வினா எவ்வாறு சிக்கலாயிற்று என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சூப்பர்மேன், படக்கதை, வானொலி நாடகம், அசைவூட்டப் படம், படைப்புரிமை.

முன்னுரை

தமிழ் இலக்கண மரபு நூல்களை முதல்நூல், வழிநூல் என இருவகைப்படுத்தும். முதல்நூலின் பொருளைத் தொகுத்தும் விரித்தும் மொழிபெயர்த்தும் செய்வது வழிநூல். இப்பகுப்பில் பொருள் முதல்நூலிலிருந்து வழிநூலுக்குச் செல்லும். படக்கதைப் பாத்திரங்களின் திரை வடிவங்களைப் பற்றிப் பேசுவோரும் பெரும்பாலும் இந்நோக்கையே கொள்கின்றனர். படக்கதை மூலமாகவும் ஏனையவை அதன் தழுவல்களாகவும் கருதப்படுகின்றன. சூப்பர்மேனின் முதல் நாற்பதாண்டு வரலாறு இந்நோக்கிற்கு முழுமையாக இடந்தரவில்லை.

முதல் வடிவம்

ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் வளர்ந்த ஜெர்ரி சீகல் கதையை எழுத, ஜோ ஷூஸ்டர் ஓவியம் தீட்டினார். ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938 ஜூன் மாதத் தேதியிட்டு வெளிவந்தது. அதன் 13 பக்கக் கதைக்காக இருவரும் பெற்ற தொகை 130 டாலர். அத்தொகையோடு பாத்திரத்தின் உரிமையும் பதிப்பகத்திற்குச் சென்றது.

அவ்விதழில் காணப்படும் சூப்பர்மேன் இன்றைய வாசகர் அறிந்தவனிலிருந்து வேறுபட்டவன். அவன் பறப்பதில்லை; ஒரு மைலில் எட்டிலொரு பங்கு தொலைவைத் தாவிக் கடக்கிறான். அவனை வலுவிழக்கச் செய்யும் கிரிப்டோனைட் இல்லை. இதழாசிரியர் பெர்ரி வைட்டும் இல்லை. அவன் எதிர்கொள்வோர் ஊழல் அரசியல்வாதியும் மனைவியை அடிக்கும் கணவனும் போன்ற மண்ணுலகத் தீயோரே.

வானொலி: குரலால் அமைந்த உலகம்

1940 பிப்ரவரி 12 அன்று ‘தி அட்வென்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்’ வானொலித் தொடர் தொடங்கி 1951 வரை நீடித்தது. பட் காலியர் நாயகனுக்குக் குரல் கொடுத்தார். படக்கதையில் உடையும் மூக்குக்கண்ணாடியும் காட்டும் இருமை வானொலியில் குரலுக்கு மாறியது. கிளார்க் கென்ட்டின் மென்குரலில் தொடங்கும் வாக்கியம் சூப்பர்மேனின் கனத்த குரலில் முடியும். உடை மாற்றம் நிகழ்ந்ததைக் கேட்போர் அதனால் உணர்ந்தனர்.

ஓவியத்தில் நாயகன் தனியே சிந்திப்பதை எண்ணக்குமிழியில் எழுதிவிடலாம். வானொலியில் அவன் யாரிடமேனும் பேசியாக வேண்டும். இளம் பணியாளன் ஜிம்மி ஓல்சன் இத்தேவைக்கு உதவினான். படக்கதையில் பெயரற்ற அலுவலகச் சிறுவன் ஒருவன் முன்னரே தோன்றியிருந்தாலும், ஜிம்மி என்னும் பெயரும் இயல்பும் 1940இல் வானொலியில் அமைந்தன. படக்கதை அப்பெயரை 1941இல் ஏற்றது. பெர்ரி வைட்டும் 1940இல் வானொலி வழியே வந்து அவ்வாண்டின் இறுதியில் படக்கதைக்குள் நுழைந்தார். 

கிரிப்டோனைட்டின் வரலாறு மேலும் கருதத்தக்கது. நாயகனின் வலிமையைக் குன்றச் செய்யும் உலோகம் ஒன்றைக் கொண்ட கதையைச் சீகல் 1940இல் எழுதியிருந்தார், அது அச்சேறவில்லை. 1943இல் வானொலித் தொடர் கிரிப்டோனைட்டை அறிமுகப்படுத்தியது. படக்கதையில் அது இடம்பெற்றது 1949இல்தான்.

1946 ஜூனில் தொடங்கி 16 பகுதிகளாக ஒலிபரப்பான ‘கிளான் ஆஃப் தி ஃபையரி கிராஸ்’ வானொலியின் சமூக வலிமையைக் காட்டிற்று. மெட்ரோபோலிஸ் நகருக்குக் குடிவரும் சீன வம்சாவளிக் குடும்பம் ஒன்றை முகமூடியணிந்த வெறுப்புக் கும்பல் அச்சுறுத்துகிறது. பெயர் மாற்றப்பட்டிருந்தாலும் அது கு கிளக்ஸ் கிளானையே குறித்தது என்பது வெளிப்படை. காலையுணவுத் தானியம் விற்கும் கெலாக்ஸ் நிறுவனத்தின் விளம்பர ஆதரவில் சிறுவர்க்கென ஒலித்த தொடர், இனவெறுப்பைப் பெயர்சுட்டாமற் பெயர்சுட்டிக் கண்டித்தது.

அசைவூட்டப் படம்: தாவல் பறத்தலானது

பாரமவுண்ட் நிறுவனத்திற்காக ஃபிளைஷர் படமனை உருவாக்கிய முதற்படம் 1941 செப்டம்பரில் வெளிவந்தது. 1943 வரை 17 குறும்படங்கள் வந்தன. பிற்பாதிப் படங்களை அப்படமனையின் வழிவந்த ஃபேமஸ் ஸ்டூடியோஸ் தயாரித்தது. முதற்படம் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

அச்சில் தாவல் ஒரு கட்டத்தில் உறைந்து நிற்கும். கட்டங்களின் இடைவெளியை வாசகரின் கற்பனை நிரப்பும். அசையும் படத்தில் நாயகன் மீண்டும் மீண்டும் எழும்பித் தரையில் விழுவது நகைப்பிற்குரியதாகத் தோன்றியது. எனவே அவன் பறக்கலானான். வானொலி காற்றொலியால் முன்பே உணர்த்திய பறத்தலுக்கு இப்படங்கள் கண்காணும் வடிவம் தந்தன. 1940களின் முற்பாதியில் படக்கதையிலும் அது நிலைபெற்றது. தொலைபேசிக் கூண்டுக்குள் உடை மாற்றும் காட்சியும் 1941ஆம் ஆண்டின் ‘தி மெக்கானிக்கல் மான்ஸ்டர்ஸ்’ என்னும் குறும்படத்தில் தோன்றியதே.

திரைத்தொடரும் தொலைக்காட்சியும்

உயிருள்ள நடிகரைப் பறக்கச் செய்வது கடினமாயிருந்தது. கொலம்பியா நிறுவனத்தின் 15 பகுதித் திரைத்தொடரில் (1948) கிர்க் அலின் நடித்தார். பறக்கும் கணத்தில் அவருக்குப் பதிலாக வரையப்பட்ட உருவம் திரையில் தோன்றியது. ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்த ‘சூப்பர்மேன் அண்ட் தி மோல் மென்’ (1951) திரைப்படத்தையடுத்து, 1952 முதல் 1958 வரை 104 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாயிற்று. சிறு செலவில் எடுக்கப்பட்ட அத்தொடரில் உள்ளூர்க் குற்றவாளிகளே பெரும்பாலும் எதிரிகளாயினர். ஊடகத்தின் பொருள்வரம்பு கதையின் எல்லையையும் வரைந்தது.

1978: திரும்பி வந்த பெயர்கள்

பாத்திரம் ஊடகந்தோறும் வளர்ந்தபோது அதைத் தொடங்கியோர் விலக்கப்பட்டனர். உரிமையை மீட்கச் சீகலும் ஷூஸ்டரும் 1947இல் வழக்குத் தொடுத்தனர். 1948இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. அவர்தம் பெயர்கள் படக்கதையிலிருந்து நீக்கப்பட்டன.

பெருஞ்செலவிலான திரைப்படம் ஒன்று உருவாகவிருந்த செய்தி 1975இல் பரவியபோது, சீகல் தம் நிலையை விளக்கிச் செய்தித்தாள்களுக்கு எழுதினார். அப்போது ஷூஸ்டர் பார்வையைப் பெரிதும் இழந்திருந்தார். ஓவியர்கள் நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் ஆகியோர் அவர்களுக்காக வாதாடினர். அவ்வாண்டு டிசம்பரில், ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் வாழ்நாள் உதவித்தொகையும் பெயர் பொறிப்பும் வழங்க வார்னர் கம்யூனிகேஷன்ஸ் உடன்பட்டது. ரிச்சர்ட் டோனர் இயக்கிக் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த ‘சூப்பர்மேன்’ (1978) திரைப்படத்தில் படைப்பாளர்களாக அவ்விருவர் பெயரும் இடம்பெற்றன.

அத்திரைப்படமும் முந்தைய ஊடகங்களுக்குக் கடன்பட்டதே. அதில் கிரிப்டோனைட் நாயகனை வீழ்த்துகிறது. உடை மாற்ற இடம் தேடுபவன், கூண்டில்லாத புதுவகைத் தொலைபேசியைப் பார்த்துவிட்டு நகர்கிறான். பழைய குறும்படத்தை அறிந்தோருக்கே அந்நகை முழுமையாக விளங்கும். மார்பிலுள்ள ‘எஸ்’ எழுத்தைக் கிரிப்டான் கோளின் குலச்சின்னமாக்கியது அத்திரைப்படம்; பின்வந்த படக்கதைகள் அதனையும் ஏற்றன.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒவ்வோர் ஊடகமும் தன் குறையை ஈடுசெய்ய ஒன்றைப் புனைந்தது. காட்சியில்லாமை உரையாடல் துணையை வேண்டிற்று. அசைவு பறத்தலை வேண்டிற்று. அப்புனைவுகள் முதல்நூலுக்குள் புகுந்து அதன் பகுதிகளாயின. 1946ஆம் ஆண்டின் வானொலிக் கதையைத் தழுவி ஜீன் லுவென் யாங் எழுதிய ‘சூப்பர்மேன் ஸ்மாஷஸ் தி கிளான்’ 2019இல் படக்கதையாக வெளிவரத் தொடங்கியது, இப்போக்கு இந்நூற்றாண்டிலும் தொடர்வதைக் காட்டுகிறது.

இரண்டாவது, பலர் கைபட்டு வளர்ந்தது என்பதால் தொடங்கியோரின் உரிமை குன்றுவதில்லை. சீகல், ஷூஸ்டர் பெயர்கள் ஏறத்தாழ முப்பதாண்டுகள் மறைந்திருந்தபோதும் பாத்திரம் வானொலியிலும் திரையிலும் தடையின்றி வருவாய் ஈட்டியது. இன்று அவர்கள் பெயர்கள் பொறிக்கப்படுகின்றன. பறத்தலுக்கு உருக்கொடுத்த ஓவியர்களையும் கிரிப்டோனைட்டை ஒலியேற்றிய வானொலி எழுத்தாளர்களையும் அதே பெயர்ப்பட்டியலில் காண இயலாது. படக்கதையை மட்டும் மூலமாகக் கொள்ளும் ஆய்வு அவர்களை மீண்டும் ஒருமுறை மறைத்துவிடும்.